காயில் கட்டுகிறவனுக்கு வந்த அழைப்பு

எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரும் சிரித்த முகத்தோடு வந்து நான் பார்த்ததில்லை. ஏதோ நானே அவர்கள் தோட்டத்துக்குப் போய் அதைக் கொளுத்திவிட்டு வந்தமாதிரி ஒரு பார்வையோடுதான் வருவார்கள்.

தொண்ணூறுகளில் உக்கடம் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தேன். லோ வோல்டேஜ் வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பி கருகிப்போகும். அதை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்க வேண்டும். காயில் கட்டுவது என்று சொல்வோம். ஆறு நாள் இந்த வேலை. ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போவேன். ஆறு நாள் ஜெயராஜுக்கும் ஏழாம் நாள் ஜெயராஜுக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. முன்னவன் கரியும் வார்னிஷும் பூசிக்கொண்டு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவான். பின்னவன் கையைக் கட்டிக்கொண்டு சாந்தமாகப் பாட்டுப் பாடுவான். ஒரு பக்கம் கடையையும் இன்னொரு பக்கம் கடவுளையும் வைத்துக்கொண்டு நடுவில் மூச்சு வாங்குகிறவர்கள் எல்லா மதத்திலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால்தான் என் பாடு புரியும்.

கண்ணை மூடியது

இரண்டு ஜெயராஜையும் ஒன்றாக்கிப் பார்ப்போம் என்று நான் எடுத்த முதல் முயற்சி, மோட்டாரைப் பொருத்தி சுவிட்ச் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் செய்வது. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆரம்பித்தேன். மோட்டாரை இறக்கி, ஒயர் எல்லாம் முடுக்கி, ஸ்டார்ட்டரில் கையை வைத்துக் கண்ணை மூடினேன். உதடு மட்டும் அசைந்தது.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரரைக் காணோம். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டம்மா கைப்பிள்ளையோடு வாய்க்காலைத் தாண்டிவிட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஜம்மென்று ஓடித் தண்ணீர் கொட்டியது. அப்புறம்கூட மனிதர் கிட்டே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்:

"ஏனுங்க, கட்டின நீங்களே பயந்து கண்ணை மூடிக்கிட்டீங்கன்னா, நாங்க எங்கீங்க ஓடறது?"

விரல் போட்ட வட்டம்

சபையில் பாட்டு நடக்கும்போது என் ஆட்காட்டி விரல் தொடைமேல் தானாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். வாய் பாடும், விரல் கம்பி சுற்றும். பிரசங்கம் ஆரம்பித்தால் சனிக்கிழமை பாதியில் விட்டுவிட்டு வந்த மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். "ஆமென்" சத்தம் கேட்டுத்தான் வெளியே வருவேன். இதற்கு ஈடுகட்டுவதுபோல, திங்கட்கிழமை கடையில் கம்பி சுற்றும்போது பாட்டு கணீரென்று வரும். என்னோடு வேலை பார்த்த நாச்சிமுத்து அண்ணன் என்னைவிடப் பெரியவர், முருக பக்தர். கேட்டுக் கேட்டு எங்கள் சபைப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் சரணத்தில் தடுமாறினால் தலையை நிமிர்த்தாமல் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்.

என் மனைவி கிரேஸ் இதையெல்லாம் கொஞ்ச நாள் பொறுமையாகப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"சபையில ஒக்காந்து காயில் கட்டறீங்க, கடையில ஒக்காந்து பாட்டுப் பாடறீங்க. ஊட்டுக்கு வாரது யாருங்க?"

பாஸ்டர் காபி குடித்தது

இந்த நேரத்தில்தான் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபை, சத்தியமங்கலத்துக்கு மேலே மலையடிவாரத்து ஊர்களில் ஊழியம் ஆரம்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. காபியை ஆற்றிக்கொண்டே, "தம்பி, கம்பி சுத்தறதுக்கு ஊருல ஆள் இருக்குது. ஆத்துமாவுக்குத்தான் ஆள் இல்ல. கடையைக் குடுத்துட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துருங்க. அறுப்பின் பண்டிகை அன்னைக்கே தலைமேல கை வச்சு ஜெபிச்சுப் பிரதிஷ்டை பண்ணி அனுப்பி வச்சுருவோம்" என்றார்.

எனக்கு ஒரே சமயத்தில் பெருமையும் பயமும் வந்தது. முழுநேர ஊழியம் என்றால் எங்கள் சபையில் அது மேல்படி. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கீழ்ப்படி. பகுதிநேரக் கிறிஸ்தவன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். போனால் நான் ஒருவழியாக ஒரே ஆளாகிவிடுவேன், இந்த இழுபறி தீர்ந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் கடையையும் நாச்சிமுத்து அண்ணனையும் நினைத்தால் சோறு இறங்கவில்லை. கிரேஸ், "எங்க போனாலும் வாரேன். முடிவை மட்டும் நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டாள். விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அந்தப் பண்டிகைவரை யோசிக்க அவகாசம் கேட்டேன்.

மறுநாள் நாச்சிமுத்து அண்ணனிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கம்பியைக் கீழே வைக்கவே இல்லை.

"நல்ல காரியந்தானுங்க தம்பி, போய்ட்டு வாங்க. சத்தியிலயும் போர்வெல் மோட்டாரு இருக்குமில்லீங்க?"

பயப்படாதே

ஊழியத்துக்குப் போவதாக இருந்தால் இங்கிருந்தே பழகிக்கொள்வோம் என்று, வேத வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுக்கத் தொடங்கினேன். நல்ல கெட்டிக் காகிதம், வழவழப்பாக இருக்கும். மேலே பெரிய எழுத்தில் "பயப்படாதே" என்று தலைப்பு. ரிப்பேரான மோட்டாரை எடுத்துப்போகிறவர்களுக்கு பில்லோடு சேர்த்து ஒன்று கொடுத்துவிடுவேன்.

செட்டிபாளையத்துக்காரர் ஒருவரின் மோட்டார் போன வேகத்தில் திரும்பி வந்தது. மொத்தமும் கருகல். நான் கட்டிய காயில் அப்படிப் போகாது என்று ரோஷம் வந்து தோட்டத்துக்கே கிளம்பிப் போனேன். லோ வோல்டேஜ் வந்தால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து, கரண்டை நிறுத்தி மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும். நம் விவசாயிகளுக்கு அது ஆகாது. பச்சைப் பட்டனை அமுக்கி, அது மறுபடி எழாதபடி இடுக்கில் ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். இங்கே குச்சி இல்லை. பட்டனுக்குப் பக்கத்தில் எதையோ நாலாக மடித்து இறுக்கிச் செருகியிருந்தார்கள். உருவிப் பார்த்தேன். என் கைப்பிரதி.

"இதை யாருங்க இங்க செருகச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். அவர் சாவகாசமாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வோல்டேஜ் எறங்குதே, ஓட்டலாமா வேண்டாமான்னு நானும் ரோசனை பண்ணிக்கிட்டுத்தானுங்க நின்னேன். 'பயப்படாதே'ன்னு நீங்கதானுங்க குடுத்தீங்க?"

ஒன்றுமில்லை என்று சொன்னது

கைப்பிரதி வேண்டாம், நேர்மையாக நடந்து காட்டுவோம் என்று முடிவு செய்த வாரத்தில், மெஸ் நடத்துகிற ஒருவர் தண்ணீர் மோட்டாரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் காயில் புத்தம்புதுசுபோல் இருந்தது. ஒரு ஒயர் முனை கழன்றிருந்தது, அவ்வளவுதான். முடுக்கினேன், ஓடியது. அவர் பர்சை எடுத்தார். "இதுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மனிதர் உருகப்போகிறார், 'நீங்க எந்தச் சபை' என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மோட்டாரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். என்னையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"இவருக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியலயாட்ட இருக்குது, வண்டியை வேற கடைக்கு உடுப்பா."

பொரி

ஆயுத பூஜை வந்தால் வருஷா வருஷம் நான் கடையிலிருந்து நழுவிவிடுவேன். சபைக்காரனின் கடையில் பூஜை நடக்கக் கூடாது. நாச்சிமுத்து அண்ணனிடம் கூடாது என்று சொல்லவும் வாய் வராது. ஆகவே, அவர் உட்காருகிற மூலையில் அவருடைய சாமான்களுக்கு மட்டும் அவர் பொட்டு வைத்துக்கொள்வார், நான் அன்றைக்கு ஊரிலேயே இருக்கமாட்டேன் என்பது எங்களுக்குள் பேசாமல் ஏற்பட்ட ஒப்பந்தம். அந்த வருஷம், ஊழியத்துக்குப் போனால் இதுதான் கடைசி, இன்னும் என்ன நழுவல் என்று கூடவே இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எல்லா ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அடுக்கினோம். அவர் தன் மூலையில் கற்பூரம் காட்டினார். நான் என் மூலையில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் இந்தக் கடை எனக்குச் சோறு போட்டதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கடைக்காக அப்படி நன்றி சொன்னது அதுவே முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து எங்கள் சபை மூப்பர் உள்ளே வந்தார். மூக்கில் கற்பூர வாசனை, கண்ணில் சந்தனப் பொட்டு வைத்த கட்டிங் பிளேயர். நாச்சிமுத்து அண்ணன் அவரிடம் பொரியும் கடலையும் நிறைந்த தட்டை நீட்டினார். "இது படைச்சதுங்களா?" என்று மூப்பர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். படைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம். எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு மூப்பர் இரண்டு கையையும் நீட்டிப் பொரியை வாங்கிக்கொண்டார்.

"இல்லீங்க, இது சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாலயே தனியா எடுத்து வச்சது. ஒவ்வொரு வருசமும் தம்பி ஊட்டுக்கு இப்பிடித்தானுங்க எடுத்து வெக்கறது, கொழந்தைங்க திங்கோணுமில்ல."

வாழைத்தோட்டத்து அக்கா

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் சபைக் கமிட்டி கூடுகிறது. சத்திக்கு வருகிறேனா இல்லையா என்று அங்கே நான் சொல்லியாக வேண்டும். காலை ஆராதனையில் பாஸ்டர், மீனவர்கள் வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போனதைப் பற்றிப் பேசினார். அவ்வப்போது என்னைப் பார்த்துக்கொண்டார். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில், ஃபேனுக்கு அடியில், பேரூர்ப் பக்கத்திலிருந்து வரும் பாப்பம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். வாழைத்தோட்டத்துக்காரர், எங்கள் பழைய வாடிக்கை. கடை பூட்டியிருந்ததால் விசாரித்துக்கொண்டு சபைக்கே வந்துவிட்டார். வாசலில் டெம்போ நின்றது, அதில் எரிந்த மோட்டார். ஆராதனை முடிந்ததும், "நாளைக்கு வாங்கக்கா" என்று சொல்லத்தான் போனேன். "வாழை தார் போடற சமயமுங்க. ரெண்டு நாளாத் தண்ணி இல்ல" என்றார். அழவில்லை, கெஞ்சவில்லை. விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். நான் கிரேஸைப் பார்த்தேன். அவள் கடைச் சாவியை எடுத்து நீட்டினாள்.

வெள்ளைச் சட்டையோடு கடையைத் திறந்தேன். நாச்சிமுத்து அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன், வந்துவிட்டார். மத்தியானம் முழுக்க கம்பி சுற்றினோம். அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கமிட்டி நேரம் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை. அக்கா காலையில் கேட்ட பிரசங்கத்தை எடுத்தார்:

"உங்க ஐயா நல்லாத்தானுங்க பேசறாரு. வலையைப் போட்டுட்டுப் போனவிங்க போனாங்க, சரி. அப்பறம் அந்த ஊருக்கு யாருங்க மீன் புடிச்சுக் குடுத்தா?"

குழிக்குள் பிரதிஷ்டை

கமிட்டிக்கு வராதவர் சம்மதம் தெரிவித்ததாக எடுத்துக்கொள்வது எங்கள் சபை வழக்கம். பண்டிகை நோட்டீசில் என் பெயர் அச்சாகிவிட்டது: ஆராதனை, சகோதரர் ஜெயராஜ் பிரதிஷ்டை, காணிக்கைப் பொருள் ஏலம், பிரியாணி. இந்த வரிசையில் நான் ஏலத்துக்கு வரும் பூசணிக்காய்க்கு முன்னால் இருந்தேன். அந்த வாரம் முழுக்க பாஸ்டர் வீட்டு வாசல்வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். மாட்டேன் என்றால் ஆண்டவரையே மாட்டேன் என்று சொன்னதாகிவிடுமோ என்ற பயம். சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பண்டிகை அன்று எங்கள் சபைக் கோயில் முழுக்க வாழைத்தாரும் தேங்காயும் காலைக் கட்டிப்போட்ட சேவல்களுமாக இருந்தது. என்னை வழியனுப்ப நாச்சிமுத்து அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு ஆரம்பித்தபோது, சமையலுக்கு நின்ற மேரி அக்கா பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டிச் சைகை காட்டினார். தண்ணீர் வரவில்லை. அத்தனை பேருக்கும் அரிசி ஊறுகிறது.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே மார்பளவுக் குழியில் மோட்டார். சுவிட்சைப் போட்டால் உறுமியது, சுற்றவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் எரிந்துபோகும். நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் குழியில் இறங்கினேன். பின்னாலேயே அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். பம்பைத் திறந்தால், பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடித்த மட்டையின் நார் உள்ளே முழுக்கச் சுற்றிக் கிடந்தது. யாரோ மட்டையைத் தொட்டியிலேயே கழுவியிருக்கிறார்கள். நான் நாரை இழுக்க இழுக்க, உள்ளே சபை பாடிக்கொண்டிருந்தது. நானும் பாடிக்கொண்டிருந்தேன், அண்ணனும்தான். விரல் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் ஓடவில்லை. அந்தச் சேற்றுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. இதுதான் என் இடம் என்று தெரிந்துவிட்டது.

அப்போது மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை அங்கியோடு பாஸ்டரே குழி விளிம்பில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பாதி சபை, கிரேஸும்.

"பாஸ்டர், நான் வரலைங்க" என்றேன்.

"அவசரமில்ல தம்பி, முடிச்சுட்டே வாங்க."

"அதில்லீங்க. சத்திக்கு வரலைங்க. அழைப்பு இருக்குதுங்க, ஆனா எனக்கு அது இங்கதானுங்க இருக்குது. பிரதிஷ்டை பண்றதுன்னா இந்தக் கடை வேலைக்கே பண்ணி உடுங்க."

பாஸ்டர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேரி அக்காதான் பொறுக்கமாட்டாமல், "எதுக்காச்சும் பண்ணி உடுங்க பாஸ்டர், தண்ணி வரட்டும்" என்றார். கிரேஸ் சிரித்துவிட்டாள். பாஸ்டர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெல்லக் குழிக்குள் இறங்கினார். சேறு படிந்த என் தலையில் ஒரு கையை வைத்தார். இடம் போதாமல் இன்னொரு கை நாச்சிமுத்து அண்ணன் தோளில் இருந்தது. கடையைச் சொல்லி, காயிலைச் சொல்லி, காய்ந்து கிடக்கிற தோட்டங்களைச் சொல்லி, அவர் அவ்வளவு உருக்கமாக ஜெபித்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுவிட்சைப் போட்டதும் குழாயிலும் வந்தது.

மேலே ஏறிய பாஸ்டர் அங்கியில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"முழுநேர ஊழியக்காரனுக்கு ஞாயித்துக்கெழமை லீவு கெடையாதுங்க தம்பி, அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேட்டீங்க?"

ஆக, ஆறு நாளைக்கு ஒன்று ஏழாம் நாளைக்கு ஒன்று என்று இரண்டு முகம் வைத்துப் பராமரிக்கிற வேலை அன்றோடு எனக்கு மிச்சமாயிற்று, இருக்கிற ஒரே முகத்திலும் பாதி நாள் கரிதான் என்பது மட்டுமே கிரேஸுக்குக் குறை.